112-வது தேர்வு: ஓர் இளம் ரிசீவர் அணியின் முதல் டார்கெட் ஆன விதம் – நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வோர் ஆண்டும் எழும் கேள்வி இது: புதிதாக வந்த இந்தப் பையன் நாளைக்கு அணியின் முதல் டார்கெட் ஆவானா? பெரும்பாலும் ஆசையும் அவசரமும்தான் இதற்குப் பதில் சொல்கின்றன. முடிவு தெரிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, அந்தந்தக் கட்டத்தில் அணிக்கு என்ன தெரிந்திருந்தது, அதை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம். அணி டெட்ராய்ட் லயன்ஸ், காலம் 2021 முதல் 2024 வரை. அணிகளின் பெயர்கள் இங்கே உண்டு, ஆட்களின் பெயர்கள் இல்லை. பெயரைக் கேட்டதுமே அவருடைய இன்றைய புகழ் முன்னால் வந்து நின்று, அன்றைய நிலையைப் பார்க்கவிடாது.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் ரிசீவர்கள். அவர்களைத் தடுக்க நிற்கும் எதிரணி ஆட்களை இங்கே காவலர் என்கிறேன். மைதானக் கோடியில் உள்ள எண்ட் ஸோனுக்குள் பந்தைச் சேர்த்தால் அது டச் டவுன். யாரை நோக்கி வீசினாலும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அது அவர் கணக்கில் ஒரு டார்கெட். நெருக்கடியில் குவார்ட்டர்பேக்கின் கண் முதலில் யாரைத் தேடுகிறதோ, அவரே முதல் டார்கெட். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக, முறை வைத்து எடுக்கும்; அதற்கு டிராஃப்ட் என்று பெயர். அதில் ஒரு முறை ஆள் எடுப்பதே இங்கே வரும் 'தேர்வு'.

## பின்னணி

2020 பருவத்தை லயன்ஸ் 5 வெற்றி, 11 தோல்வியுடன் முடித்தது. 2021 ஜனவரியில் பொது மேலாளரும் தலைமைப் பயிற்சியாளரும் புதிதாக வந்தார்கள். பன்னிரண்டு பருவங்கள் ஆடிய குவார்ட்டர்பேக்கை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து ஒரு குவார்ட்டர்பேக்கையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். அணியை அடித்தளத்திலிருந்து கட்டப்போகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ரிசீவர் வரிசை ஏறக்குறைய காலி. முன்னணியில் இருந்த இருவரில் ஒருவர் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கும் மற்றவர் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸுக்கும் போய்விட்டார்கள். வேறு அணிகளில் ஆடிய இரண்டு அனுபவசாலிகளை அழைத்து வந்தார்கள். ஒருவரைப் பருவம் தொடங்கும் முன்பே விடுவித்தார்கள். இன்னொருவர் முதல் ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார், அந்தப் பருவத்தில் திரும்பவே இல்லை. ஏற்கெனவே அணியில் இருந்த மூன்றாமவருக்கு ஐந்தாவது ஆட்டத்தில் காறை எலும்பு முறிந்தது. பந்து பிடிக்க நம்பகமாக மிஞ்சியவர்கள் ஒரு டைட் எண்டும் (தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பிடிக்கவும் செய்பவர்) ஒரு ரன்னிங் பேக்கும் (பந்தைக் கையில் வாங்கி ஓடுபவர்) மட்டும்தான்.

நம்முடைய ரிசீவர் வந்து சேர்ந்த இடம் இது. திறமை உள்ளவர் எங்கே போனாலும் வெளியே வந்துவிடுவார் என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. மூன்று மூத்த ரிசீவர்கள் நிலையாக ஆடும் அணிக்கு இவர் போயிருந்தால், முதல் இரண்டு ஆண்டுகளில் இவரைப் பற்றி எழுத அதிகம் இருந்திருக்காது.

## தேர்வு நாள்: 16 பேருக்குப் பின்

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக அணியில் 2019-இல் 77 கேட்ச், 1042 யார்டு எடுத்தவர். கொரோனாவால் சுருங்கிய 2020 பருவத்தில் 6 ஆட்டங்களில் 41 கேட்ச், 7 டச் டவுன். அதில் ஓர் ஆட்டத்தின் முதல் கால் பகுதிக்குள்ளேயே நான்கு டச் டவுன் அடித்தார். கல்லூரி அளவில் மூன்று ஆண்டுகளும் கையில் பந்து ஒட்டியபடி ஆடியவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தயக்கம் வேறு இடத்தில் இருந்தது. உயரம் ஆறடி, எடை 90 கிலோவை ஒட்டி. வெளி ஓரத்தில் நின்று உயரத்தால் பந்தைப் பறிக்கும் உடல்வாகு இல்லை. காவலரை நேர் ஓட்டத்தில் விட்டுவிட்டுப் போகும் வேகமும் இல்லை. 2021-இல் எல்லா வீரர்களையும் ஒரே இடத்தில் வைத்து அளக்கும் வழக்கமான உடற்திறன் தேர்வும் நடக்கவில்லை. அதனால் ஒவ்வொரு கல்லூரியிலும் தனித்தனியாக எடுத்த அளவுகளைத்தான் அணிகள் வைத்திருந்தன. நடுத்தர உயரம், நடுத்தர வேகம் என்றதும் அவர் "உள்வரிசை ரிசீவர்" என்ற கூட்டத்தில் சேர்க்கப்பட்டார். ஸ்லாட் என்று சொல்லப்படும் அந்த இடம், தாக்குதல் வரிசைக்கும் வெளி ரிசீவருக்கும் நடுவில் உள்ளது. அங்கே ஆடுபவர் முதல் டார்கெட் ஆவது அரிது என்பது பல அணிகளின் எண்ணம்.

நான்காம் சுற்றில், ஒட்டுமொத்தமாக 112-வது ஆளாக லயன்ஸ் அவரை எடுத்தது. அதற்கு முன் 16 ரிசீவர்கள் போயிருந்தார்கள். அந்தப் பதினாறு பேரின் பெயரையும் வரிசை மாறாமல் இன்றும் அவர் ஒப்பிப்பார். அந்த வரிசை முழுவதுமே தவறு என்று சொல்வது நியாயமாகாது. முதல் பத்து இடங்களுக்குள் போன மூன்று ரிசீவர்களும் முதல் ஆண்டிலேயே 900 யார்டைத் தாண்டினார்கள். மூன்றாம் சுற்றில் போன ஒருவரும் பின்னால் பெரிய ஆட்டக்காரர் ஆனார். கேள்விக்குரியவை இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் வேகத்துக்காகவே எடுக்கப்பட்ட சில தேர்வுகள். அவர்களில் பலர் எடுத்த அணியில் வேரூன்றவில்லை.

அளவுகோலில் வராத ஒன்று அவரிடம் இருந்தது. ஜக்ஸ் என்ற, பந்தை உமிழும் எந்திரத்தின் முன் நின்று நாளொன்றுக்கு 202 பந்து பிடிப்பது அவருடைய வழக்கம். நேராக நின்று, பக்கவாட்டில் திரும்பி, ஒற்றைக் கையால் என்று விதவிதமாகப் பிடிப்பார். அணிப் பயிற்சி முடிந்து மற்றவர்கள் உடை மாற்றப் போன பிறகும் இந்தக் கணக்கு முடியும்வரை அவர் நகர மாட்டார்.

## முதல் 11 ஆட்டங்கள்

பருவம் தொடங்கியதும் லயன்ஸ் தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் தோற்றது. புதியவர் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடம் பெற்றார், ஆனால் பெரும்பாலும் ஸ்லாட்டில், குறுகிய ஓட்டங்களில். 11 ஆட்டங்கள் முடிந்தபோது அவர் கணக்கில் 39 கேட்ச், 352 யார்டு, டச் டவுன் ஒன்றுகூட இல்லை. ஆட்டத்துக்கு மூன்று அல்லது நான்கு கேட்ச், ஒரு கேட்சுக்கு 9 யார்டு. நான்காம் சுற்று வீரருக்கு மோசமில்லை. இவரை வைத்துத்தான் இனி அணி என்று அந்த நவம்பரில் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனாலும் கண்ணுள்ளவர்களுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ஓட்ட ஆட்டங்களில் தன்னைவிடப் பெரிய காவலர்களை முட்டித் தடுக்க அவர் தயங்கவே இல்லை. ரிசீவர்களில் பலர் அந்த வேலையை ஒப்புக்குச் செய்வார்கள். இவர் முட்டிய முட்டில் எதிராளி இரண்டடி பின்னால் போவார். இரண்டாவது, பந்து கைக்கு வந்ததும் உடனே எதிரணியின் எல்லையை நோக்கித் திரும்பிவிடுவார், பக்கவாட்டில் ஓடி நேரத்தை வீணாக்குவதில்லை. இந்த இரண்டுமே எண்களில் வராதவை. பயிற்சியாளர் ஒருவரை எப்போதும் களத்தில் வைத்திருப்பதும் இந்தக் குணங்களுக்காகத்தான். ஓட்டமா வீச்சா என்று எதிரணி ஊகிக்க முடியாதபடி, எல்லா ஆட்டத் திட்டங்களிலும் அவரை நிற்க வைக்கலாம்.

## நவம்பரில் எடுத்த முடிவு

எட்டாவது ஆட்டத்துக்குப் பின் வந்த இடைவேளை வாரம் முடிந்தபோது, எந்த முயற்சியில் எந்தத் திட்டத்தை ஆடுவது என்று தீர்மானிக்கும் பொறுப்பைத் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து தலைமைப் பயிற்சியாளர் தானே எடுத்துக்கொண்டார். எட்டு ஆட்டங்களாகப் போதிய புள்ளி வரவில்லை, எதையாவது மாற்றியாக வேண்டும் என்பதே காரணம். வீச்சு ஆட்டத்தைத் திட்டமிடுவதில் டைட் எண்டுகளின் பயிற்சியாளருக்குப் பெரிய பங்கு கொடுத்தார். அதே வாரத்தில், புதிய குவார்ட்டர்பேக்குடன் முன்பு ராம்ஸில் ஆடிய ஒரு ரிசீவரையும் அணியில் சேர்த்தார்கள்.

இந்த மூன்றாவது முடிவைப் பலர் கவனிக்கவில்லை, என் கணிப்பில் அதுவும் முக்கியம். உயரமாக, வெளி ஓரத்தில் நிற்கக்கூடிய ஒருவர் வந்ததால் எதிரணியின் காவல் பரவ வேண்டியிருந்தது. இளையவருக்கு நடுவில் மூச்சுவிட இடம் கிடைத்தது. அதோடு, பந்து விடப்படும் முன் அவரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்துவது, ஓட்டம் போலக் காட்டிவிட்டு அவருக்கு வீசுவது, சில சமயம் கையிலேயே பந்தைக் கொடுத்து ஓடவிடுவது என்று அவர் நிற்கும் இடமும் செய்யும் வேலையும் விரிந்தன.

பலன் உடனே வரவில்லை. பிட்ஸ்பர்க்கில் 16-16 என்று சமன். குவார்ட்டர்பேக் காயத்தால் உட்கார்ந்த கிளீவ்லாண்ட் ஆட்டத்தில் தோல்வி. நன்றிநவிலல் நாளில் சிகாகோவிடம் 16-14 என்று தோல்வி. அந்த ஆட்டத்தில் ரன்னிங் பேக்குக்குத் தோளில் அடிபட்டது.

## டிசம்பர் 5

மினசோட்டா வைக்கிங்ஸுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம். பத்துத் தோல்வி, ஒரு சமன், வெற்றி ஒன்றும் இல்லை என்ற நிலையில் லயன்ஸ் இறங்கியது. கடைசி முயற்சிக்கு வரும்போது 27-23 என்று பின்தங்கியிருந்தது. மீதி 4 விநாடி. எல்லைக் கோட்டுக்கு 11 யார்டு. நான்காவது முயற்சி. டச் டவுன் தவிர எதுவும் பயன்படாது.

எண்ட் ஸோனுக்குள் பந்து போக விடக்கூடாது என்று மினசோட்டாவின் காவலர் பின்னோக்கியே போய்க்கொண்டிருந்தார். இளையவர் முழு வேகத்தில் அவரை நோக்கி ஓடினார். அவரைத் தாண்டப் பார்க்கவில்லை. எல்லைக் கோட்டைக் கடந்ததும் காவலருக்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் உள்பக்கம் வெட்டினார், பந்து நெஞ்சுக்கு நேராக வந்தது. 29-27. லயன்ஸுக்கு 364 நாட்களுக்குப் பிறகு முதல் வெற்றி, அவருக்கு என்.எஃப்.எல்.-இல் முதல் டச் டவுன்.

டச் டவுனைவிட, பந்து அவரிடம் போனதுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். டைட் எண்ட் அன்று களத்தில் இருந்தார். பழைய அணித் தோழரான ரிசீவரும் இருந்தார். ஒரு வீச்சு மட்டுமே மிச்சம் என்ற நேரத்தில் குவார்ட்டர்பேக் தேர்ந்தெடுத்தது முதல் ஆண்டு வீரரை. அன்று முழுவதும் அவருக்கு 10 கேட்ச், 86 யார்டு.

## அடுத்தடுத்து ஆறு ஆட்டங்கள்

அதன் பிறகு டென்வரில் 8 கேட்ச், 73 யார்டு. அரிசோனாவுடன் 8, 90. அட்லாண்டாவில் 9, 91. சியாட்டிலில் 8, 111. கிரீன் பேயுடன் 8, 109. மினசோட்டா ஆட்டத்தையும் சேர்த்து ஆறு ஆட்டங்களில் 51 கேட்ச், 560 யார்டு, 5 டச் டவுன். டென்வர் தவிர மற்ற ஐந்திலும் ஆட்டத்துக்கு ஒரு டச் டவுன் பிடித்தார். பருவ முடிவில் 90 கேட்ச், 912 யார்டு. லயன்ஸின் முதல் ஆண்டு வீரர்களில் இரண்டுமே சாதனை. அணியோ 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன்.

## இதை நம்பலாமா?

2022 ஜனவரியில் நேர்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி இது. கிரிக்கெட்டில் மூத்தவர்கள் காயத்தில் இருக்கும்போது மேலே இறக்கப்பட்ட மட்டையாளர் இரண்டு தொடர்களில் ரன் குவிப்பது உண்டு, மூத்தவர்கள் திரும்பியதும் காணாமல் போவதும் உண்டு. இங்கேயும் டைட் எண்ட் கடைசி ஐந்து ஆட்டங்களில் கட்டைவிரல் காயத்தால் ஆடவில்லை. ரன்னிங் பேக் நான்கு ஆட்டங்களுக்கு இல்லை. வேறு யாருக்கு வீசுவது? தோற்றுக்கொண்டிருக்கும் அணி பந்தை அதிகம் வீசத்தானே வேண்டியிருக்கும்?

வாய்ப்புதான் எண்ணைப் பெருக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வாய்ப்பு மட்டும் என்றால் தெரிந்திருக்க வேண்டிய அடையாளங்கள் தெரியவில்லை.

காலியான இடத்தில் வெறுமனே பந்து குவிகிறது என்றால் ஒரு கேட்சுக்கான யார்டு குறைய வேண்டும், அல்லது அப்படியே நிற்க வேண்டும். இங்கே 9-லிருந்து 11-ஆக உயர்ந்தது. எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும், காவல் முழுக்க அவர் மேல் திரும்பியும் இப்படி.

இதைவிட அழுத்தமான சான்று அட்லாண்டாவும் சியாட்டிலும். அந்த இரண்டு ஆட்டங்களிலும் வழக்கமான குவார்ட்டர்பேக் இல்லை. முதலில் கொரோனா, அடுத்து முழங்கால். மாற்று வீரர்தான் வீசினார். ஒருவரோடு மட்டும் ஏற்பட்ட கைராசி என்றால் அங்கே அறுந்திருக்கும். மாறாக 17 கேட்ச், 202 யார்டு. யார் வீசினாலும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது. சியாட்டில் ஆட்டத்தில் ரன்னிங் பேக்கும் திரும்பியிருந்தார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

## 2022: நம்பிக்கையும் காப்பும்

அணி இரண்டு வகையாகவும் முடிவெடுத்தது. வீச்சுத் திட்டத்தில் பங்கெடுத்த டைட் எண்டுகளின் பயிற்சியாளரையே தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார்கள். டிசம்பரில் பலன் தந்த வீச்சுத் திட்டம் தொடரட்டும் என்பது அதன் பொருள். அதே சமயம், நீண்ட வீச்சுக்கு ஓடும் ஒரு வெளி ரிசீவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். டிராஃப்டில் 32-வது இடத்திலிருந்து 12-வது இடத்துக்கு ஏறி, அந்த ஆண்டின் அதிவேக ரிசீவர்களில் ஒருவரை எடுத்தார்கள். அவர் முழங்கால் தசைநார் கிழிந்து மீண்டுகொண்டிருந்தவர், உடனே ஆட வரமுடியாமல் போகலாம் என்று தெரிந்தே எடுத்தது.

இளையவரின் மேல் நம்பிக்கை இல்லாததால் இப்படிச் செய்தார்கள் என்று அப்போது பேச்சு எழுந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரிடம் இல்லாதது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது: ஆழத்தில் காவலரைப் பயமுறுத்தும் வேகம். அதை அவரிடமே எதிர்பார்த்து அவரைக் கெடுக்காமல், வேறொருவரிடம் வாங்கினார்கள். முதல் டார்கெட் ஒருவரே எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்று நினைத்த அணிகள் பல நல்ல ரிசீவர்களை வீணடித்திருக்கின்றன.

மூத்தவர்கள் எல்லோரும் திரும்பிய நிலையில் பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் 8 கேட்ச். இரண்டாவதில் வாஷிங்டனுடன் 9 கேட்ச், 116 யார்டு, 2 டச் டவுன், கூடவே கையில் பந்துடன் ஓடி 68 யார்டு. முந்தைய பருவத்தின் ஆறையும் சேர்த்து, தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களில் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட கேட்ச் என்று என்.எஃப்.எல். சாதனையைச் சமன் செய்தார். ஐயத்துக்கு அங்கேயே விடை கிடைத்தது.

அந்தப் பருவத்தின் நடுவில், நவம்பர் தொடக்கத்தில், டைட் எண்டை அதே பிரிவில் உள்ள மினசோட்டாவுக்கே கொடுத்துவிட்டார்கள். 1 வெற்றி, 6 தோல்வி என்று நின்ற அணி, மீதிப் பத்தில் எட்டை வென்று 9-8 என்று முடித்தது. ரிசீவர் கணுக்கால் காயத்தால் ஓர் ஆட்டம் தவறவிட்டும் 106 கேட்ச், 1161 யார்டு.

## பின்விளைவு

2023-இல் 119 கேட்ச், 1515 யார்டு, 10 டச் டவுன், லீக்கின் அந்த ஆண்டுச் சிறந்த வீரர்கள் பட்டியலில் (ஆல்-புரோ முதல் அணி) இடம். ஒரு கேட்சுக்கான யார்டு 12.7 ஆனது. லயன்ஸ் 1993-க்குப் பிறகு முதன்முறையாகப் பிரிவுப் பட்டம் வென்று, மாநாட்டு இறுதி ஆட்டம்வரை (லீக்கின் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய படி) போய் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 34-31 என்று தோற்றது.

2024 ஏப்ரலில் நான்கு ஆண்டுக்கு 12 கோடி டாலர், அதில் 7.7 கோடி உறுதி என்று ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. முதல் மூன்று பருவங்கள் முடியும்வரை புதிய வீரரின் ஒப்பந்தத்தை நீட்டிக்க விதி இடம் தராது. கதவு திறந்த முதல் கோடையிலேயே கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு 115 கேட்ச், 1263 யார்டு, 12 டச் டவுன். 2022-இல் எடுத்த வேக ரிசீவரும் அந்தப் பருவத்தில் 1001 யார்டு எடுத்தார், அணி 15-2. இருவரும் ஒருவர் இடத்தை ஒருவர் பிடுங்கவில்லை.

## மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

முதலாவது, காலம். 2021-இன் ஐந்தாவது ஆட்டத்திலேயே ரிசீவர் வரிசை உடைந்துவிட்டது. இவரைத் திட்டத்தின் நடுவில் வைக்க டிசம்பர்வரை காத்திருந்தார்கள். முதல் ஆண்டு வீரருக்கு ஆட்டத்தின் வேகம் பிடிபட நாளாகும் என்ற வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அவரை ஸ்லாட்டில் மட்டும் நிறுத்தி, ஒரே மாதிரி குறுகிய ஓட்டங்களைக் கொடுத்தது கற்றுக்கொடுக்கும் முறையாக எனக்குப் படவில்லை. வெளி ஓரத்திலும் நடுவிலும் சில வாய்ப்புகளை அக்டோபரிலேயே கொடுத்துப் பார்த்திருந்தால், விடை இரண்டு மாதம் முன்பே கிடைத்திருக்கும். இழக்க எதுவும் இல்லாத அணிக்கு அது சுலபமான செலவு.

இரண்டாவது, தேர்வு. முதல் சுற்றை விட்டுவிட்டாலும், லயன்ஸே இவரை மூன்று முறை தாண்டிப் போனது என்று சொல்லலாம்: இரண்டாம் சுற்றிலும், மூன்றாம் சுற்றின் இரு தேர்வுகளிலும் தடுப்பாட்டத்துக்கே ஆள் எடுத்தார்கள். கிடைத்தது அவர்களுக்கு அமைந்த நல்வாய்ப்பும்தான். கல்லூரி வீரரைப் பார்க்கும்போது நாற்பது யார்டு ஓட்ட நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு பத்தி கூடுதலாக இருக்க வேண்டும்: பந்து தன்னிடம் வராத முயற்சிகளில் இவர் என்ன செய்தார்?

மூன்றாவது, எண்ணைப் படிக்கும் முறை. பருவக் கடைசியில் குவியும் கேட்சுகளைப் பார்க்கும் ரசிகர்களும் அணிகளும் மொத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: வீசியவர் மாறியபோது என்ன ஆனது, மூத்தவர் ஒருவர் திரும்பிய ஆட்டத்தில் என்ன ஆனது, ஒரு கேட்சுக்கான யார்டு எந்தப் பக்கம் போகிறது, ஒரே வீச்சு மிச்சம் என்றபோது பந்து யாரிடம் போனது. லயன்ஸின் விஷயத்தில் நான்குக்கும் விடை 2022 ஜனவரி இரண்டாம் வாரத்தில், கடைசி ஆட்டம் முடிந்த அன்றே, கையில் இருந்தது.